ஊமையேரியிலிருந்து வாய் திறக்காமல் வந்த கதை

சிறுமலைக்கு மேலே ஊமையேரி என்று ஒன்று இருக்கிறதாமே, நீர் போய்வந்தீராமே, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் வாத்தியார்கள் ஆளுக்கு ஒரு தினுசாகக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்ல எனக்கு ஆசைதான். பேசுவதில் எனக்கு என்றைக்கும் சலிப்பு வந்ததில்லை. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது வகுப்பறையில் இருக்கிற பையனும் சேர்ந்து கற்றுக்கொள்வான் என்று தலைமையாசிரியரே கேலி செய்வார். ஆனாலும் இந்தப் பயணத்தை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். போக நினைப்பவர்கள் வழியையும் செலவையும் பார்த்துக்கொள்ளலாம்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை சிவகாமியைச் செல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சுந்தரம் மில்லில் குமாஸ்தா. பரம சாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார்; அதுவும் பெரும்பாலும் “சரி மச்சான்” என்பதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பாண்டி. மாசி பிறந்தால் ஐந்து முடிகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நல்லவள். நிதானமாகப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, பேச்சு வருவது கஷ்டம், கையால் பேசப் பழக்குங்கள் என்றாள். சிவகாமி அங்கேயே சண்டைக்குப் போய்விட்டாள். “தட்டு விழுந்தா திரும்பிப் பாக்குறானே! காது கேக்காமலா திரும்புறான்?” என்றாள். நானும் தங்கையின் பக்கம்தான் பேசினேன். கையால் பேசுகிற பிள்ளை என்று ஊரில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தறிவீட்டு அம்மாள் ஊமையேரியைப் பற்றிச் சொன்னாள். பேச்சு வராத பிள்ளைக்குத் தாய்மாமன் போய் அந்த ஏரியில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வரவேண்டும். மொண்டதும் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு மூன்று கை தண்ணீர் புகட்டுகிற வரை ஒரு சொல் பேசக் கூடாது. செம்பைத் தரையில் வைக்கக் கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. ஏரி கண்ணுக்குத் தெரிகிற வரை தப்பு நடந்தால் திரும்பிப் போய் மறுபடி மொள்ளலாம். கண்ணுக்கு மறைந்த பிறகு வாய் திறந்தால் அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு ஒரே தடவை. அதுவும் ஐந்து வயது முடிவதற்குள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சொல்லவும் செய்தேன். சிவகாமி அழுதுகொண்டே சிரித்தாள். “அண்ணே, நீ ஒரே ஒரு நா வாயை மூடிக்கிட்டு இருந்தா எம்புள்ள பேசிருவாண்ணே” என்றாள். இதற்கு மேல் நான் என்ன கணக்குச் சொல்லுவது?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். மழை விட்டு வழி காய்ந்திருக்கும், மலைக் காய்ச்சலும் குறைந்திருக்கும் என்றார்கள். முதல் நாளே நானும் செல்லூருக்குப் போய்த் தங்கிவிட்டேன். விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் ஜட்கா வந்து நின்றது. ஜெர்மன் சண்டைக் காலமாகையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வீட்டில் ஒரே ஓர் அகல் விளக்குதான். அந்த இருட்டில் நான் செம்பைத் தேட, மாப்பிள்ளை குடையைத் தேட, சிவகாமி கட்டுச்சோற்று மூட்டையைத் தேட, ஒரே களேபரம்.

இந்தக் கலாட்டாவில் பாண்டி விழித்துக்கொண்டான். அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் மடியிலாவது ஏறி, தாடையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்புவான். எனக்கு மீசையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், உயிர் போகும். அன்றைக்கும் நான் வேட்டியை இறுக்கிக் கட்டக் குனிந்தபோது தாடையைப் பிடித்துவிட்டான். ஜன்னல் பக்கமாகத் திருப்பினான். விலக்கினேன். மறுபடி பிடித்தான். “விடுடா சேட்டைக்காரா, ரயிலுக்கு நேரமாச்சு” என்று கையை எடுத்துவிட்டேன். பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுதான். “மாமா போறாருன்னு அழுறான்” என்று சிவகாமி அவனைத் தூக்கிக்கொண்டாள். எனக்குக்கூட மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

வைகைப் பாலத்தின் மேல் ஜட்கா போகும்போது மாப்பிள்ளை சட்டைப் பையைத் தடவினார். பிறகு மூக்கைத் தடவினார். “மச்சான், கண்ணாடியை வச்சிட்டு வந்துட்டேன்” என்றார். அவருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் மாடும் மனுஷனும் ஒன்றுதான். திரும்பலாமா என்று அவர் கேட்கவில்லை. நேர்ந்துகொண்டு கிளம்பினவர்கள் வாசலுக்குத் திரும்பினால் கிளம்பியதே பலிக்காது என்று சிவகாமி தலையில் அடித்துக்கொள்வாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஏரி பெரிசாத்தான் இருக்குமாம், தெரியும் மாப்ள, வாங்க” என்றேன்.

ரயிலில் வாடிப்பட்டிக்கு மூன்றாம் வகுப்பு தலைக்கு ஐந்து அணா. பாசஞ்சர் வண்டி ஆறரை மணிக்கு இறக்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே மாட்டுவண்டிகள் நிற்கும். மலையடிவாரம் மூன்று மைல். போகவும் காத்திருந்து திரும்பவும் ஒரு ரூபாய் கேட்பார்கள், முக்கால் ரூபாய்க்குப் படியும். வழியெல்லாம் நெல் அறுத்த வயல். எதிரே மலை ஒரே நீளமாகக் கிடக்கும். அடிவாரத்தில் இருபது வீடு இருக்கும். காப்பி கிடைக்காது, மோர் கிடைக்கும். மலைக் காய்ச்சல் வராமலிருக்க அங்கேயே ஆளுக்கு ஒரு கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டோம். கசப்பு மத்தியானம் வரை நாக்கை விட்டுப் போகவில்லை.

வழிகாட்ட ஆள் இல்லாமல் போகவே கூடாது. எங்களுக்கு அமைந்தவள் வெள்ளையம்மா. மேலே தோட்டங்களிலிருந்து வாழைத்தார் சுமந்து இறக்குகிறவள். நாற்பது வயது இருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை, இடுப்பில் அரிவாள். எட்டணா பேசிக்கொண்டோம். இறங்கும்போது அவளும் ஒரு தார் எடுத்து வருவாளாம், அது தனிக் கணக்கு. எங்களில் யார் தாய்மாமன் என்று கேட்டாள். நான்தான் என்றேன். நான் அரை நாழிகை பேசி ஓய்ந்த பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்களா? நீங்களா வாயைக் கட்டப் போறீக? பாவம், அந்தப் புள்ள!” என்றாள். மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

ஏற்றம் ஆறு மைல், நாலு மணி நேரம். முதல் இரண்டு மைல் வெயிலும் முள்ளும் பாறையும். அதற்கு மேல் காடு மூடிக்கொள்ளும். கழுதைகளும் சுமைக்காரர்களும் நடந்து நடந்து பள்ளமாகிப் போன தடம். நடுநடுவே சுமையை இறக்கி வைக்க ஆளுயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டிருக்கிறார்கள். மேலே போகப் போகக் காப்பித் தோட்டம், பலா, வாழை என்று குளிர்ச்சி வருகிறது. மாப்பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு காலடியையே பார்த்து ஏறினார். நான் மட்டும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். இனி ராத்திரி வரை பேச முடியாதே என்று முன்கூட்டியே பேசித் தீர்த்த மாதிரி இருந்தது. தோட்டங்கள் முடிந்து பெருங்காடு தொடங்கிய இடத்தில் வெள்ளையம்மா நின்று, “இனிமே மெதுவாப் பேசுங்க வாத்தியாரே” என்றாள். சிரிக்கவில்லை.

காரணம் ஏரிக்கரையில் தெரிந்தது. இரண்டு மேட்டுக்கு நடுவில் ஓர் இடுக்கு. அதைத் தாண்டியதும் ஏரி. நாலா பக்கமும் மரம் சூழ்ந்த குழிவில், யாரும் வெட்டாமல் கட்டாமல் தானாகக் கிடக்கிற தண்ணீர். இரண்டு பர்லாங்கு நீளம் இருக்கும். தண்ணீர் கறுப்பு. அலை இல்லை. நான் பார்த்த ஏரிகளில் கொக்கு இருக்கும், துவைக்கிற சத்தம் இருக்கும், எவனாவது எருமை குளிப்பாட்டுவான். இங்கே ஒன்றும் இல்லை. ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தத்துக்கு மூன்று பேரும் திடுக்கிட்டோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கரைச் சேற்றில் குளம்புத் தடம் பதிந்து கிடந்தது. என் உள்ளங்கை அகலம். தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

“காட்டுமாடு. ஒத்தை. இப்பத்தான் குடிச்சிட்டுப் போயிருக்கு” என்றாள் வெள்ளையம்மா. எந்தப் பக்கம் என்று கேட்டேன். தடம் எங்கள் இடுக்குப் பக்கமாகத்தான் போயிருந்தது.

அவசர அவசரமாக வேலையை முடித்தோம். கரையில் மஞ்சள் பூசின ஒரு கல் இருக்கிறது, அதுதான் அம்மன். சூடம் கொளுத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செம்பை அமிழ்த்தினேன். குளிர் எலும்பில் ஏறியது. மாப்பிள்ளை மஞ்சள் துணியை எடுத்து என் வாயைச் சுற்றிக் கட்டினார். “மச்சான், எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னே தெரியலை. ஆனா அவன் அப்பான்னு ஒருக்கக் கூப்பிட்டுட்டா போதும் மச்சான்” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு நான் கேட்டதே இல்லை. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்போதுதான் கட்டியிருந்தது.

இடுக்கைத் தாண்டினோம். திரும்பிப் பார்த்தேன், ஏரி மறைந்துவிட்டது. இனி ஒரு தப்பும் செய்ய முடியாது.

வாயைக் கட்டிக்கொண்டு மலை இறங்குவது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். முதல் கால் மணி நேரம் பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையில் செம்பு. இன்னொரு கைதான் என் பேச்சு. மெதுவாகப் போங்கள் என்று கையைக் காட்டினால் மாப்பிள்ளை உட்கார்ந்துவிடுவார். வெயில் என்று நெற்றியைக் காட்டினால் வெள்ளையம்மா, “தலைவலியா?” என்று பச்சிலை பறிக்கப் போவாள். அவளுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. நான் கையை அசைத்தால் போதும், ஏதாவது ஓர் அர்த்தம் சொல்லிச் சிரிப்பாள். “என்ன வாத்தியாரே, பெஞ்சாதிக்கு மல்லியப்பூ வாங்கணுமா?” என்பாள். எனக்கு வந்த கோபத்துக்குப் பள்ளிக்கூடமாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

தோட்டத்தில் அவள் ஒரு வாழைத்தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஒரு மைல் இறங்கியிருப்போம். சுமைதாங்கி வந்ததும் தாரை அதன் மேல் தள்ளிவிட்டு, கல்லில் சாய்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை மட்டும், “நான் மெல்ல முன்னால போறேன், எனக்குத்தான் நேரமாகும்” என்று குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். தடம் அங்கே நேராக ஐம்பது அடி இறங்கி ஒரு புதரடியில் திரும்புகிறது. திருப்பத்தில் நிழல். நிழலில் கறுப்பாக ஒரு பெரிய பாறை.

அந்தப் பாறைக்கு வெள்ளைக் கால்கள் இருந்தன.

கொம்பு, திமில், மேலே மொய்க்கிற ஈ வரை எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளை நேராக அதை நோக்கிப் போகிறார். போகிறது மட்டுமல்ல, தோளிலிருந்து துண்டை எடுத்து உதறுகிறார். துண்டை விரித்து அதன் மேல் உட்காரப் போகிற மனுஷன் மாதிரி!

வெள்ளையம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் பாக்கைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். தலையில் ஒரு விரலை வைத்துக் கொம்பு காட்டினேன். “என்ன, கிரீடமா? ராசா வேசம் கட்டப் போறீகளா?” கீழே காட்டினேன், காலை உதைத்தேன், கண்ணை உருட்டினேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அடடே, ஒண்ணுக்கா? அதுக்கா இம்புட்டு ஆட்டம்? போங்க, அந்தப் பக்கம் போங்க. நான் பாக்கலை” என்று முழுசாகத் திரும்பி மலைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஐயோ, என் நெஞ்சு என்ன பாடு பட்டது! சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நிற்கிறது. எதிரே ஓர் ஆள் இருக்கிறாள், காது இருக்கிறது, நல்லவள், ஆனால் அவளுக்கு என் பேச்சு போய்ச் சேரவில்லை. கத்தினால் பாண்டிக்கு இருந்த ஒரே தடவை போச்சு. கத்தாவிட்டால் சிவகாமியின் தாலி போச்சு. கத்துவது என்றே துணிந்துவிட்டேன். துணிக்குள் வாய் திறந்தும்விட்டது. ஆனால் சத்தம் வெளியே வருவதற்கு முன்னால் என் கை ஒன்று செய்தது. வெள்ளையம்மாவின் தாடையைப் பிடித்து அவள் முகத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பியது.

ஊர்ப் பொம்பளையின் தாடையைப் பிடித்தவனை அவள் அரிவாளால் வெட்டியிருந்தாலும் கேட்க நாதியில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. “அய்யா, நில்லு. அது பாறை இல்ல. அசையாத. குடையை விரிச்சிராத” என்று தாழ்ந்த குரலில், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரிச் சொன்னாள். மாப்பிள்ளை தூக்கிய காலை வைக்காமல் நின்றார். மாட்டுக்கும் அவருக்கும் நடுவே இருபது அடி இருக்கும். வெள்ளையம்மா அரிவாளின் பின்புறத்தால் சுமைதாங்கிக் கல்லில் டக், டக் என்று விட்டு விட்டுத் தட்டினாள். மாடு தலையைத் தூக்கியது. மூச்சு விட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் புதருக்குள் போனது. மரக்கிளை முறிகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டார். “பாறைன்னு நெனச்சேன் மச்சான்” என்றார். வெள்ளையம்மா நான் பிடித்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “நல்லாத்தான் பேசுறீக வாத்தியாரே” என்றாள். அதற்குப் பிறகு அடிவாரம் வரை அவள் என்னைக் கேலி செய்யவில்லை. செம்பில் கால்வாசி தண்ணீர் சிந்தியிருந்தது. மூன்று கைக்கு மிச்சம் போதும்.

திரும்பும் ரயில் அந்த வேளைக்குக் கிடையாது. பெரிய ரோட்டுக்கு வந்து மதுரை பஸ் பிடிக்க வேண்டும். தலைக்கு ஏழு அணா. பெட்ரோல் தட்டுப்பாட்டால் எல்லாம் கரியில் ஓடுகிற பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டிருப்பார்கள். சமயநல்லூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்றார் கண்டக்டர். நான் இறங்கினேன், செம்போடு ஓரமாக நின்றேன். “யோவ், உனக்குத் தனியாச் சொல்லணுமா? செம்பைக் கீழ வச்சிட்டுத் தள்ளுய்யா” என்று ஒரு சக பிரயாணி என் தோளில் கை வைத்தார். பஸ்ஸில் வந்த போலீஸ்காரர் ஒருவரும் என்னையே பார்த்தார். சண்டைக் காலத்தில் வாயில் துணி கட்டின மீசைக்காரனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? “யாருய்யா நீ? துணியை அவிழ்” என்றார்.

மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார். சாதாரணமாக போலீஸ்காரர் என்றால் எதிர்த் தெருவுக்குப் போகிறவர் அவர். “அண்ணே, எம்புள்ளைக்குப் பேச்சு வரலை. இவரு தாய்மாமன். ஊமையேரித் தண்ணி கொண்டாராரு. அவரு பதிலுக்கு நான் தள்ளுறேன், எம்புட்டு நேரம் வேணாலும் தள்ளுறேன். அவரை விட்டுருங்கண்ணே” என்றார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி உள்ளே ஸீட்டில் போட்டுவிட்டு வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று அவரும் பஸ்ஸைத் தள்ளினார்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துச் செல்லூர் வந்து சேர்ந்தோம். தறிச்சத்தம் நின்றிருந்தது. சிவகாமி தலைக்குக் குளித்து, பாண்டிக்கும் புதுச் சட்டை போட்டு, வாசலிலேயே நின்றாள். அகல் விளக்கின் முன்னால் பிள்ளையை உட்காரவைத்து மூன்று கை தண்ணீர் புகட்டினேன். மூன்றாவது கைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். சிவகாமி அவன் வாயையே பார்த்தாள். “பாண்டி, அம்மா சொல்லு. சாமி, அம்மா சொல்லு” என்றாள். அவன் அவள் வாய் அசைவதைப் பார்த்தான். அவ்வளவுதான். இன்னொரு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் துணியை அவிழ்த்துவிட்டேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஒரு சொல் கிடைக்கவில்லை.

அப்போது பாண்டி என் மடியில் ஏறினான். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்தான். மீசையும் சேர்ந்து மாட்டியது. என்றைக்கும் போல விடுடா என்று கை எழுந்தது. எழுந்த கை நின்றுவிட்டது. மலையில் ஒரு பொம்பளையின் தாடை என் கையில் இருந்தபோது என் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்? முகத்தைத் தளர்த்தினேன். அவன் திருப்பின பக்கம் திரும்பினேன்.

ஜன்னல். ஜன்னல் கட்டையில் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி.

பிள்ளை கண்ணாடியைக் காட்டினான், தன் கண்ணைத் தொட்டான், அப்பாவைக் காட்டினான், வாசலைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். விடியற்காலையில் விட்ட இடத்திலிருந்து சொல்கிறான். “காலையிலேருந்து என்னையும் அங்கயேதான் இழுத்தான். பல்லியைக் காட்டுறான்னு நெனச்சேன்” என்று சிவகாமி மெதுவாக எழுந்து வந்தாள். நான் கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஓடிப்போய் அப்பாவின் வேட்டியை இழுத்துக் குனியவைத்து, கோணலாக மூக்கில் மாட்டினான். மாப்பிள்ளை அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “புள்ள கிளம்பும்போதே சொல்லிட்டாம்மா. நமக்குத்தான் கேக்கலை” என்றேன். துணியை அவிழ்த்த பிறகு நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

இனிப் போகிறவர்களுக்கு. தை, மாசி இரண்டு மாதமே நல்லது. கோடையில் அடிக்காட்டில் தீப் பிடிக்கும், மழையில் தடம் வழுக்கும். ஓர் ஆளுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். கொய்னாவைக் கீழேயே விழுங்கிவிடுங்கள். ஏரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நேர்ந்துகொண்டவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பகல் ஒரு மணிக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. வெள்ளையம்மா கிடைத்தால் எட்டணாவுக்கு மேல் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தண்ணீர் பலிக்குமா என்று கேட்கிறவர்கள் செல்லூருக்கு வந்து பார்க்கலாம். பாண்டி இன்னும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சிவகாமி தானாகவே டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். கைப்பேச்சு பிள்ளைக்கு மட்டுமா, அம்மாவும் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். வாத்தியாரான நானும் ஞாயிறுதோறும் போய் அவனிடம் பாடம் படிக்கிறேன். மக்கு மாணவன்தான்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் வீட்டில் யாராவது சொல்வார்கள். தாடையைப் பிடித்தால் திரும்பிப் பாருங்கள்.